போட்டோ எடிட்டிங் பாடங்கள்: நம் ஊர் வெளிச்சத்தில் எது தேறுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று படம் எடுப்பவர்களிடம் நல்ல கேமராவுக்குக் குறைச்சல் இல்லை. எடுத்த படத்தைத் திருத்தும்போதுதான் கை தயங்குகிறது. பாடம் கிடைக்காததால் அல்ல. யூடியூப்பைத் திறந்தால் ஓர் ஆயுளுக்குப் போதுமான அளவு கொட்டுகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சன்னலோரத்து மென்மையான வெளிச்சத்தில், வெளுத்த முகத்தை வைத்துச் சொன்னவை. அந்த எண்களை அப்படியே நம் படத்தில் போட்டால் மணப்பெண் முகம் சாம்பல் பூத்துப் போகிறது.

ஆகவே இங்கே ஒவ்வொரு பாடத்தையும் நான்கு படங்களை வைத்து எடை போட்டிருக்கிறோம். கோயில் மண்டபத்தில் டியூப்லைட், குத்துவிளக்கு, வாசல் வழி வரும் பகல் வெளிச்சம் மூன்றும் ஒரே முகத்தில் விழுந்த படம் ஒன்று. செம்பனை மரத்தடியில் நிற்கும் மணமக்கள் இரண்டாவது. ஓலை வழியே இறங்கும் வெளிச்சம் கன்னத்தைப் பச்சையாக்கியிருக்கும். மூன்றாவது, ஈப்போ கல்லுமலைத் தைப்பூசக் காவடி, அதன் சிவப்பும் மஞ்சளும் சேர்த்து. நான்காவது, வேறு கோளாறு எதுவும் இல்லாத மாநிற முகம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இதில்தான் பாதிப் பாடங்கள் தோற்கின்றன.

முதலில் போட்டோஷாப்புக்குள்ளேயே இருக்கும் பாடம். கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் தேடல் பலகை திறக்கும்; அதிலுள்ள பயிற்சிகள் மாதிரிப் படத்தைத் தாங்களே திறந்து, எந்தக் கருவியைத் தொட வேண்டும் என்று காட்டும். லேயர் (படத்தின் மேல் வைக்கும் அடுக்கு), மாஸ்க் (திருத்தம் எந்த இடத்தில் மட்டும் விழ வேண்டும் என்ற வரம்பு), செலக்‌ஷன் என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனால் மாதிரிப் படங்கள் எல்லாம் பளிச்சென்று எடுத்தவை. கோளாறான படத்தைச் சரிசெய்யும் பழக்கம் இதில் வராது. ஒரு வாரம் போதும், பிறகு நகர்ந்துவிடலாம்.

நகரும் முன் ஒரு எச்சரிக்கை. பாடம் எந்த ஆண்டில் வந்தது என்று பார்க்காமல் உட்காராதீர்கள். 2018 அக்டோபரில் வந்த போட்டோஷாப் பதிப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். அதற்கு முன், படத்தை விகிதம் கெடாமல் பெரிதாக்க ஷிஃப்ட் விசையைப் பிடிக்க வேண்டும். இப்போது பிடிக்காமல் இழுத்தாலே விகிதம் நிற்கும். பிடித்தால்தான் முகம் சப்பையாகும். பழைய வீடியோ பார்த்து ஷிஃப்ட்டைப் பிடிப்பவர் தன் கணினி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கண்ட்ரோல்+இசட் அடித்தால் ஒரே ஒரு படி மட்டும் பின்னே போன காலமும் அந்தப் பதிப்போடு முடிந்தது. போட்டோஷாப்பைச் செய்யும் அடோபியின் இன்னொரு திருத்த மென்பொருளான லைட்ரூமில் இப்படிப்பட்ட எல்லைக்கோடு 2021 அக்டோபர். அதற்கு முந்தைய பாடங்களில் பிரஷ், கிரேடியன்ட் எல்லாம் தனித்தனி பொத்தான்கள். இப்போது அனைத்தும் மாஸ்க் பலகைக்குள் போய்விட்டன. சொல்லும் விஷயம் சரியாக இருந்தாலும் கை பொத்தானைத் தேடித் தேடியே களைத்துவிடும்.

யூடியூப்பில் நிலைத்துப் பார்க்கத் தகுந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது பிக்ஸிம்பர்ஃபெக்ட் அலைவரிசையின் உன்மேஷ் திண்டா. இந்தியர், பேசும் ஆங்கிலம் நம் காதுக்குப் பழக்கமானது. ஒரு ஸ்லைடரை ஏன் தொடுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறார். பல பாடங்களுக்குப் பயிற்சிப் படத்தையும் தருகிறார். குறை, நீளம். பத்து நிமிடத்தில் முடியும் விஷயத்தில் உற்சாகமும் கலந்து இழுத்துவிடும். ஆரன் நேஸ் நடத்தும் ஃப்ளர்ன் பாடங்கள் இன்னும் அடக்கமானவை. லேயர்களுக்குப் பெயர் வைப்பது, குழுவாகப் பிரிப்பது போன்ற ஒழுங்கைப் பார்த்துப் பார்த்தே பழகிவிடலாம். ஐந்தாறு நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம் போதும் என்பவருக்கு, அடோபியின் ஜூலியான் காஸ்ட் செய்த குறும்பாடங்கள்.

ஒருவர் உண்மையிலேயே சொல்லித் தருகிறாரா, பொத்தானை மட்டும் காட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு: அவருடைய ஃப்ரீக்வன்ஸி செபரேஷன் பாடத்தைத் திறந்து பாருங்கள். தோலின் நிறத்தை ஒரு லேயரிலும் துவாரம், ரோமம் போன்ற நுண்விவரத்தை இன்னொரு லேயரிலும் பிரிக்கும் வேலை அது. படத்தை இரண்டு பிரதி எடுத்து, கீழுள்ளதைக் காசியன் ப்ளர் செய்ய வேண்டும். மேலுள்ளதில் அப்ளை இமேஜ் திறந்து, மங்கலாக்கிய லேயரைத் தேர்ந்து, சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. பிறகு அந்த லேயரை லீனியர் லைட்டுக்கு மாற்ற வேண்டும். இந்த எண்களை எல்லோரும் சொல்வார்கள். ஏன் 128? இரண்டு லேயருக்கும் வித்தியாசமே இல்லாத இடம் நடுச் சாம்பலாக நிற்க வேண்டும், லீனியர் லைட்டில் நடுச் சாம்பல் எதையும் மாற்றாது என்பதால். ஏன் 2? லீனியர் லைட் வித்தியாசத்தை இரட்டிப்பாக்கும், அதனால் முன்கூட்டியே பாதியாக்கி வைக்கிறோம். இவை 8 பிட் கோப்புக்கான எண்கள். 16 பிட் கோப்பில் ஆட் தேர்ந்து, இன்வர்ட் போட்டு, ஸ்கேல் 2, ஆஃப்செட் 0 வைக்க வேண்டும். இந்தப் பேதத்தைச் சொல்லாத பாடத்தை மூடிவிடலாம்.

ப்ளர் அளவு இன்னொரு பொறி. "8 வையுங்கள்" என்று மொட்டையாகச் சொன்னால் அது அவருடைய படத்துக்கான அளவு. 24 மெகாபிக்சல் கோப்பில் முகம் முழுச் சட்டத்தையும் நிரப்பினால் ஆறிலிருந்து பத்துக்குள் சரிவரும். குடும்பப் படத்தில் முகம் கட்டைவிரல் நகம் அளவு தெரிந்தால் இரண்டு கூட அதிகம். துவாரம் மறைந்து, முகத்தின் மேடுபள்ளம் மட்டும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். நுண்விவர லேயரில் ஹீலிங் பிரஷைப் பயன்படுத்தும்போது சாம்பிள் பெட்டியில் கரன்ட் லேயர் என்று இருக்க வேண்டும். ஆல் லேயர்ஸ் என்று விட்டால் கீழ் லேயரின் நிறமும் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக வரும். ஆங்கிலப் பாடம் எதுவும் சொல்லாத ஒன்று: நிற லேயரை லாசோவால் வளைத்து மங்கலாக்கும்போது பொட்டு, விபூதிக் கோடு, மூக்குத்தி மூன்றையும் வெளியே விடுங்கள். உள்ளே சிக்கினால் குங்குமம் நெற்றி முழுதும் இளஞ்சிவப்பாகக் கரைந்து நிற்கும்.

இனி மாநிற முகம். "ஆரஞ்சு லூமினன்ஸை 20 கூட்டுங்கள், தோல் ஒளிரும்" என்பது எல்லா அலைவரிசைகளிலும் வரும் மந்திரம். வெளுத்த தோலில் அது ஒளிரும். நம் தோலில் ஆரஞ்சுதான் முகத்தின் முழு உருவத்தையும் தாங்கி நிற்கிறது. அதைத் தூக்கினால் கன்னத்துக்கும் தாடைக்கும் உள்ள நிழல் வித்தியாசம் தட்டையாகி, நிறமும் வடிந்து சாம்பல் தட்டும். அதற்குப் பதில் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரை 0.3 கூட்டுங்கள், போதாவிட்டால் கர்வ்ஸில் நடுப்பகுதியைச் சற்றே தூக்குங்கள். சரிபார்க்க, போட்டோஷாப்பின் இன்ஃபோ பலகையைச் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அச்சு மை) அளவுக்கு மாற்றி, கன்னத்தில் வெளிச்சமும் நிழலும் இல்லாத இடத்தில் சுட்டியை வையுங்கள். மஞ்சள் எண் மெஜந்தாவைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். மாநிறத்தில் சயான், உத்தேசமாக மெஜந்தாவில் பாதியை ஒட்டி வரும். மெஜந்தா முந்தினால் முகம் சிவந்து வெயிலில் காய்ந்தது போலிருக்கும். சயான் ஏறிவிட்டால் சோகை பிடித்த தோற்றம். கண்ணை நம்பாமல் எண்ணைப் பார்க்கக் கற்றுத்தரும் பாடம் அரிது, கிடைத்தால் விடாதீர்கள். மாநிறத்தை வெளுப்பாக்குவதுதான் திருத்தம் என்று தொடங்கும் பாடமானால், எவ்வளவு லட்சம் பேர் பார்த்திருந்தாலும் வேண்டாம்.

லைட்ரூமின் கைப்பேசிச் செயலியில் லேர்ன் என்றொரு பகுதி இருக்கிறது.  படத்தைத் திறந்து, இந்த ஸ்லைடரை இவ்வளவு நகர்த்து என்று கையைப் பிடித்து எழுத வைப்பது போல. மற்றவர்கள் திருத்திய படத்தின் படிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வசதியும் உண்டு. கணினி இல்லாத, கைப்பேசியில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். மாஸ்க்கும் ரா கோப்பும் (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) கட்டணப் பக்கம் போய்விடும் என்பதால், செம்பனை நிழல் படம் இலவச அளவில் தேறாது. அதற்குப் பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நிறத்தைச் சாய்க்கும் டிண்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் 10 முதல் 20 வரை தள்ள வேண்டும். முழுப் படத்துக்கும் தள்ளினால் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி இளஞ்சிவப்பாகிவிடும். முகத் தோலுக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதற்குள் டிண்ட்டைத் தள்ளுவதுதான் வழி. கைப்பேசியில் வெள்ளி செலவில்லாமல் இதைப் பழக ஸ்னாப்சீட் உதவும்: செய்த ஒவ்வொரு படியும் அடுக்காக இருக்கும், எந்தப் படியையும் பின்னால் திறந்து, விரலால் தடவிய இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

காவடிப் படத்துக்கு நல்ல பாடம் கிடைப்பதுதான் கடினம். மொத்த ஹிஸ்டோகிராம் (இருட்டிலிருந்து வெளிச்சம் வரை பிக்சல்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வரைபடம்) சாதுவாக நடுவில் இருக்கும். சிவப்புச் சானல் மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். பட்டின் மடிப்பும் பூவிதழும் ஒரே சிவப்புக் கட்டியாகிவிடுவது அதனால்தான். லைட்ரூம் கிளாசிக்கில் ஜே விசை அழுத்தினால் முட்டிய இடம் தெரியும். எக்ஸ்போஷரைக் குறைத்து, சிவப்பின் சாச்சுரேஷனை மட்டும் 15 அளவில் இறக்கி, எஸ் விசையால் சாஃப்ட் ப்ரூஃப் என்ற முன்னோட்டம் போட்டு, திரைக்கும் கடை அச்சுக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற வரம்பில் எப்படி வரும் என்று பார்க்க வேண்டும். "துடிப்பான நிறம்" என்று தலைப்பிட்ட பாடங்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓட்டுகின்றன.

எங்கள் பட்டியலில் முதலிடம் இலவச மென்பொருள் ஒன்றுக்கு: டார்க்டேபிள். அதன் இணையக் கையேடு, மென்பொருளை எழுதுபவர்களும் அவர்களோடு இருப்பவர்களும் சேர்ந்து எழுதுவது. ஒவ்வொரு மாட்யூலும் (திருத்தக் கருவி) என்ன செய்கிறது, வரிசையில் எங்கே நிற்கிறது, எதோடு மோதும் என்று சொல்லும். வாசிக்கச் சுகமாக இருக்காது. மண்டபப் படத்துக்கான விடை கிடைத்த இடம் இதுதான். கலர் காலிப்ரேஷன் மாட்யூலை இரண்டு பிரதியாக எடுக்கலாம்: ஒன்றை டியூப்லைட் விழும் பகுதிக்கு மாஸ்க் போட்டும், இன்னொன்றைக் குத்துவிளக்குப் பக்கத்துக்கு மாஸ்க் போட்டும் வைத்தால், ஒரே முகத்தில் இரண்டு ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ற இரண்டு தனித் திருத்தம். ஒரே ஒயிட் பேலன்ஸில் இந்தப் படத்தைச் சரிசெய்யவே முடியாது என்பது புரிந்தாலே பாதிக் கவலை போய்விடும்.

புதியவர்கள் டார்க்டேபிளில் விழும் குழி இரண்டு. ஃபில்மிக்கையும் சிக்மாய்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுவார்கள். இரண்டும் படத்தின் வெளிச்ச வரம்பைத் திரைக்கு ஏற்ப அடக்கும் ஒரே வேலையைச் செய்பவை, கான்ட்ராஸ்ட் இரண்டு முறை ஏறி முகம் கரியாகும். ஏதேனும் ஒன்று. அடுத்து, ஒயிட் பேலன்ஸ் மாட்யூலையும் கலர் காலிப்ரேஷனையும் இரண்டையும் திருகுவது. முன்னதைக் கேமரா ரெஃபரன்ஸில் விட்டுவிட்டு, நிறத்தைப் பின்னதில் மட்டும் சரிசெய்ய வேண்டும். மீறினால் மாட்யூலே எச்சரிக்கை காட்டும், அதை மூடிவிட்டுத் தொடர்பவர்கள்தான் அதிகம். அதே வேலைக்கான பழைய மாட்யூலான பேஸ் கர்வில் தொடங்கும் பழைய பாடம் பார்ப்பவருக்கு இந்த இரண்டு குழியும் நிச்சயம். வீடியோவாக வேண்டுமென்றால் புரூஸ் வில்லியம்ஸின் தொடர்; நிதானமான குரல், ஒரு பகுதியில் ஒரு மாட்யூல். ஆனால் பகுதி எண்ணைப் பார்த்துப் புதியதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பிக்ஸல்ஸ் (pixls.us) தளத்தின் ப்ளே ரா பகுதி. யாரோ ஒருவர் தன் ரா கோப்பை அனுமதியோடு வைக்கிறார்; பலர் அதைத் தத்தம் வழியில் திருத்தி, முடிவோடு சைட்கார் கோப்பையும் வைக்கிறார்கள். அந்தச் சிறு கோப்பைத் திறந்தால் அவர் நகர்த்திய ஒவ்வொரு ஸ்லைடரும் உங்கள் திரையில். ஒரே படம், பத்து கை. எந்தப் படமும் ஒரே விடை உள்ள கணக்கு அல்ல என்பதை எந்த ஆசிரியரும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. மாநிற முகங்கள் அங்கும் குறைவுதான். நம் மண்டபப் படம் ஒன்றை, படத்திலிருப்பவரின் சம்மதத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

இலவசத் திருத்த மென்பொருளான கிம்ப் பற்றி ஒரு வரி: 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டரைப் போட்ட பிறகும் திருத்தலாம், 2.10க்கான பாடங்களுக்கு அது தெரியாது. பழைய ப்ளகின்களும் பெரும்பாலும் ஓடாது. ஃபோட்டோபீ, 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினிக்கு வரம். உலாவியில் ஓடும், போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும், படம் உங்கள் கணினியை விட்டு எங்கும் போகாது. போட்டோஷாப் போலவே தோற்றம் என்பதால் உன்மேஷ் பாடங்களில் பெரும்பாலானவற்றை இதில் செய்து பழகலாம். கனமான ஆல்பம் கோப்பைத் தாங்காது.

தமிழ்ப் பாடங்கள்? இருக்கின்றன, தமிழ்நாட்டிலிருந்து ஏராளமாக. மொழி தடையே இல்லாமல் கற்பது பெரிய நிம்மதி. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆல்பம் வடிவமைப்பு: 12×36 அங்குலத் தாள், டெம்ப்ளேட்டில் முகத்தை இறக்கி, பூவும் ஒளிவட்டமும் தூவுவது. 300 டிபிஐயில் அந்தத் தாள் 3600×10800 பிக்சல். ஈப்போ லேபுகள் கேட்கும் அளவு வேறாக இருக்கலாம். வடிவமைத்து முடித்த பிறகு விசாரித்தால் மணமகள் தலை விளிம்பில் போகும். வேகமாக வெட்டி ஒட்டும் உத்திகளுக்கு இவை நல்லவை, தோலுக்கும் நிறத்துக்கும் அல்ல.

காசு கொடுத்துக் கற்பதற்கு வருவோம். இணைய வகுப்புத் தளமான யுடெமியில் பட்டியல் விலைக்கு எதையும் வாங்காதீர்கள். தள்ளுபடி அடிக்கடி வரும், பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முன்னோட்டத்தில் பயிற்சிக் கோப்பு இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். "பாடம்" என்ற பெயரில் பிரீசெட் பொட்டலம் விற்பவர்களிடம் ஒரு வெள்ளி கூட வேண்டாம். பிரீசெட் என்பது முன்கூட்டியே அமைத்துவைத்த ஸ்லைடர் எண்கள், வேறொருவர் வெளிச்சத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டு.

நேரடி வகுப்பென்றால் சமூகக் கல்லூரிகளின் குறுகிய காலப் பயிற்சிகள் மலிவு. கருவிப் பட்டையை அறிமுகம் செய்துகொள்ளப் போதும். தனியார் வகுப்பில் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆளுக்கொரு கணினி உண்டா, நம் சொந்த ரா கோப்பைக் கொண்டுவரலாமா, கடைசியில் அச்சுப் போட்டுக் காட்டுவார்களா. திருட்டுப் பதிப்பில் சொல்லித்தரும் இடமானால் இன்னொன்றும் நடக்கும்: செயற்கை நுண்ணறிவால் படத்தை நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் அடோபியின் சர்வரில் ஓடுவது, அந்தப் பதிப்பில் வேலை செய்யாது. பாடத்தின் பாதி "இது வீட்டில் வரும்" என்று போய்விடும்.

அடோபி சந்தாவில் கையெழுத்திடும் முன் ஒரு கணக்கு. "மாதம் இவ்வளவு" என்று தெரிவது பெரும்பாலும் ஓர் ஆண்டு ஒப்பந்தத்தின் மாதத் தவணை. 14 நாளுக்குப் பிறகு விலகினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள். மலிவாக இருந்த 20 ஜிபி போட்டோகிராபி திட்டமும் 2025 ஜனவரியிலிருந்து புதியவர்களுக்கு இல்லை. பழகும் காலத்துக்கு டார்க்டேபிளும் ஃபோட்டோபீயும் போதும். கல்யாண ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு சந்தா. தரவு தீர்ந்துவிடும் என்ற கவலை இருந்தால், பயிற்சிக் கோப்புகளை அருகிலுள்ள நாடி (NADI) அரசு இணைய மையத்தில் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு ரா கோப்பு 25 எம்பியைச் சுலபமாகத் தாண்டும்.

எந்தப் பாடமும் காப்பாற்றாத கோளாறு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மண்டபத்து எல்இடி விளக்கில் படம் முழுக்கக் கிடைக்கோடு விழுவது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் கோடு அடங்கும். அமெரிக்கப் பாடங்கள் 1/60, 1/120 என்று சொல்லும், அவர்கள் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால். விழுந்த கோட்டை எடிட்டிங்கில் எடுப்பது ஒரு நாள் வேலை, அப்போதும் முழுதாகப் போகாது.

கற்றது தேறியதா என்று பார்க்கத் திரை போதாது. ஒரே முகப் படத்தை 4ஆர் அளவில், அதாவது 1200×1800 பிக்சலில், எஸ்ஆர்ஜிபியாக ஏற்றுமதி செய்து டவுன் கடையில் அச்சுப் போடுங்கள். 8ஆர் வேண்டுமென்றால் 2400×3000. நீள விகிதம் மாறுவதால் கேமராப் படத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும், தலைக்கு மேலே இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும். அச்சு இருட்டாக வந்தால் கோப்பைத் தொடாதீர்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். கடை மெஷின் தானாகவே நிறத்தைத் திருத்தும், ஆகவே ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது உங்கள் எடிட்டிங்கை அல்ல, மெஷினுடையதை.